மௌனப் பேறு

விண்கூடு தலைக்கு மேலே பறந்தால் திருச்சிக் கடைவீதி ஒரு கணம் அப்படியே நின்றுவிடும். நிற்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆட்டோக்காரர் தானாகவே பிரேக் பிடிப்பார். வடை போடுகிறவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணாந்து பார்ப்பார். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் விலையை மறந்துவிடுவார்கள். கவிழ்த்துப் போட்ட இட்லிப் பானை மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்த ஊர்தி, சத்தமில்லாமல் கூரைகளைத் தாண்டிப் போகும். "பொண்ணு!" என்று ஒருவர் கத்துவார். "பையன்யா, அது போற வேகத்தைப் பாரு!" என்று இன்னொருவர் கத்துவார். அப்புறம் எல்லோருமாக "நல்லபடியா" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அன்று காலை டீக்கடை வாசலில் நித்திலாவும் "நல்லபடியா" என்றாள். மற்றவர்களுக்கு அது பழக்கம், அவளுக்கு அதுவே பிழைப்பு. பேறுகாப்பு வாரியத்தில் ஆய்வாளர் அவள். பிள்ளை உண்டானது உறுதியானதுமே ஒவ்வொரு பெண்ணின் கையிலும் வாரியம் ஒரு காப்புவளையை மாட்டிவிடும். அது நாடித் துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும் ராப்பகலாகக் கவனித்து, வான்தாய் என்ற செயற்கை அறிவிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். பேறு தொடங்கியது என்று வளை சொன்ன அடுத்த நொடியே விண்கூடு கிளம்பிவிடும். அதற்குள் மருத்துவக் கைகள், வெதுவெதுப்பான படுக்கை, ரத்தம், ஆக்ஸிஜன் என்று சகலமும் உண்டு. கடற்கரை பங்களாவாக இருந்தாலும் சரி, காட்டுக்குள் ஒற்றைக் குடிசையாக இருந்தாலும் சரி, கால் மணி நேரத்துக்குள் வாசலில் வந்து இறங்கிவிடும்.

அதற்கு முந்தைய காலத்தை நித்திலா படித்துத்தான் தெரிந்துகொண்டாள். ஒரே நாடு, ஒரே கொடி. ஆனால் ஒரு மாவட்டத்தில் பிறக்கும் குழந்தை பிழைப்பதற்கும், நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு மாவட்டத்தில் பிறக்கும் குழந்தை பிழைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தது. பிறந்த இடமே தலையெழுத்தாக இருந்தது. காப்புவளை வந்த ஏழு வருடத்தில் அந்தத் தலையெழுத்து அழிந்தது. வாரியத்தின் சுவரில் இருக்கும் குழந்தை இறப்பு வரைபடம் வடக்கிலிருந்து தெற்குவரை பச்சையாக மாறியது.

ஒரே ஓர் இடம்தான் மிச்சம். தெற்கே கரிசல் மாவட்டம் மட்டும் சிவப்பாகவே நின்றது. "இவ்வளவு பச்சைக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வேண்டாமா?" என்று வாரியத்தில் கேலி பேசுவார்கள். நித்திலாவுக்கு அந்தக் கேலியில் சிரிப்பு வந்ததே இல்லை. அதே வளை, அதே விண்கூடு. பணம்கூட மற்ற மாவட்டங்களைவிட அதிகம்தான். இருந்தும் அங்கே குழந்தைகள் இறந்தன. அதிலும் ஒரு விசித்திரம்: எல்லாக் குழந்தைகளும் அல்ல, பெரும்பாலும் தலைச்சன் பிள்ளைகள். அந்தப் பேறுகளில் காப்புவளை கடைசிவரை ஒரு வார்த்தை பேசியிருக்காது. நாடி அமைதி, மூச்சு அமைதி, வியர்வை இல்லை. மறுநாள் குழந்தை பிறந்து இறந்துவிட்டது என்று தகவல் வரும்.

அதற்கு நித்திலா ஒரு பெயர் வைத்தாள்: மௌனப் பேறு. கரிசல் பெண்களின் ரத்தத்தில் ஏதோ ஒரு மரபணு முதல் பேற்றின் அறிகுறிகளை உடம்புக்கு வெளியே தெரியாமல் அமுக்கிவிடுகிறது என்பது அவளுடைய கொள்கை. மூன்று நாடுகளில் மேடையேறிப் பேசிவிட்டாள். கைதட்டல் கிடைத்தது. இப்போது ரத்தம் எடுத்து அந்த மரபணுவைப் பிடித்துவிட்டால் போதும். இன்றைக்கோ நாளைக்கோ முதல் பிள்ளை பெறப்போகும் ஒரு பெண்ணை வான்தாயே தேர்ந்து கொடுத்திருந்தது. பெயர் பொன்னுக்கிளி, ஊர் ஊசிமுத்தூரணி. டீ டம்ளரை வைத்துவிட்டு நித்திலா பஸ்ஸுக்கு ஓடினாள். கால் தரையில் பாவவில்லை.

ஊசிமுத்தூரணியில் பருத்தி விளைந்த கரிசல் காடெல்லாம் இப்போது சூரியத் தகடுகள் விரிந்து கிடந்தன. மாவட்ட அலுவலகத்தில் வாங்கிய சூரியவண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நித்திலா வீட்டைக் கண்டுபிடித்தபோது உச்சிவெயில். வாசலில் வெங்காய வடகம் காயவைத்துக்கொண்டிருந்தவள், நல்ல உயரமும் கணீர்க் குரலுமாக ஒரு பெண்.

"பொன்னுக்கிளி வீடு இதுதானே?"

"இதேதான். வாங்க மேடம், வளை ஆபீஸா? வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல தண்ணி குடிங்க." அவள் பொன்னுக்கிளியின் நாத்தனார் செவ்வந்தி. அதே ஊரில் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், அம்மா வீட்டு வேலையும் அவள் தலையில்தான். "இந்தா வந்துட்டேன், மேல தகட்டைத் தொடச்சிட்டு வந்துருதேன், உக்காருங்க" என்று மாடிப்படியில் தடதடவென்று ஏறிப்போனாள்.

நித்திலா கைத்திரையை விரித்தாள். பொன்னுக்கிளியின் நாடி பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. வளை இந்த வீட்டில்தான் இருப்பதாகக் காட்டியது. உள்ளறையில் படுத்திருக்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். கோடு லேசாக ஏறியது. எழுந்து நடக்கிறாள் என்று குறித்துக்கொண்டாள். செவ்வந்தி இறங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே ஊர்க்கதை பேசத் தொடங்கினாள். கோடும் மெதுவாக இறங்கி அமைதியானது.

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்து வடகத்தில் வாய் வைத்தது.

"ஏ மூதி! ஒனக்கு இதுதான் கெடச்சுதா!" செவ்வந்தி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். ஆடு ஓடியது, இவளும் வேப்பமரத்தைச் சுற்றி ஓடினாள். கைத்திரையில் பொன்னுக்கிளியின் நாடி நாலுகால் பாய்ச்சலில் எகிறியது.

நித்திலா கோட்டைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், செவ்வந்தியைப் பார்த்தாள். விளக்குமாறு ஓங்கிய அந்தக் கையில், முழங்கைவரை அடுக்கிய கண்ணாடி வளையல்களுக்கு நடுவே, சிவப்பும் பச்சையும் கலந்த காப்புவளை வெயிலில் மின்னியது.

"அக்கா." நித்திலா எழுந்து கிட்டே போனாள். "இது யார் வளை?"

"இதா? பொன்னுக்கிளியோடது. அவ தாய் வீட்டுக்குப் போயி மூணு வாரமாச்சுல்ல, தலைப்பிரசவம்னா தாய் வீட்டுக்குத்தான போகணும். போகையில புருசன் வீட்டு வளையலை நாத்தனா கைக்கு மாத்திட்டுப் போவாக. தாய் வீட்டுல புது வளையல் போடுவாக. அவ புள்ளையோட திரும்பி வரவரைக்கும் இந்த வளையல் சூடு ஆறாம ஒரு கையில இருக்கணும். அப்பத்தான் தாயும் புள்ளையும் நல்லபடியா இந்த வாசப்படி ஏறுவாகன்னு எங்க பக்கத்து வழக்கம்."

"இது கழற்ற வராதே! கழற்றினால் நாடி அறுந்து மணி அடிக்குமே!"

செவ்வந்தி சிரித்துவிட்டாள். "கழட்டவா செய்வோம்? ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு, வெளக்கெண்ணெய் தடவி, அவ கையில இருந்து என் கைக்கு அப்படியே வழுக்கி விட்ருவோம். வளையல் தரையையும் பாக்கக் கூடாது, காத்தையும் பாக்கக் கூடாது."

நித்திலா திண்ணையில் தொப்பென்று உட்கார்ந்தாள். கை வீங்கினால் இறுக்கக் கூடாது என்று விரிந்து கொடுக்கும் வளையைச் செய்தவர்கள் வாரியத்தார். கடிகாரம் மாதிரி செய்தால் பெண்கள் போடமாட்டார்கள், நம் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று வளையலாகச் செய்ததும் அவர்களே. வளையல் என்று கொடுத்தார்கள், வளையலுக்கு உண்டான மரியாதையை இந்தப் பெண்கள் ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட்டார்கள். மரபணுவாவது மண்ணாங்கட்டியாவது! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எழுந்து குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஏழு வருடப் புதிர் ஓர் ஆட்டால் அவிழ்ந்துவிட்டது. இரண்டாம் பிள்ளைக்குப் பெண்கள் தாய் வீடு போவதில்லை, வளை அவர்கள் கையிலேயே இருக்கும், விண்கூடும் வரும். தலைச்சன்தான் போயிற்று.

"என் கை ராசியில்லாத கைன்னு சொல்லித்தான் பாத்தேன் மேடம்" என்றாள் செவ்வந்தி, வளையல்களைத் தடவிக்கொண்டே. "மூணு வருசத்துக்கு முந்தி பெரியண்ணன் பொண்டாட்டி, பெரிய மதினிக்கும் நான்தான் போட்டுக்கிட்டேன். அந்தப் புள்ள தங்கல. இந்த மட்டும் வேற யார் கையிலயாச்சும் போடுன்னேன். பொன்னுக்கிளி கேக்கல. நீங்க இருக்கையில வேற யாரு மதினின்னுட்டா."

அப்போதுதான் செவ்வந்தியின் போன் அடித்தது. பேசியது பொன்னுக்கிளியின் அம்மா அழகம்மாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெடுங்கரிசல் என்ற ஊர். விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டதாம். பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியும் பிள்ளை இறங்கவில்லையாம். "மூணு தடவ வான்தாய்க்குப் போன் போட்டாச்சு தாயி. ஒன்னும் இல்ல, கவலைப்படாதீகன்னே சொல்லுது. புள்ள துடிக்கா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல!"

நித்திலா தன் கைத்திரையிலேயே வான்தாயைக் கூப்பிட்டாள். "வாரிய ஆய்வாளர் நித்திலா பேசுறேன். பொன்னுக்கிளிக்குப் பேறு தொடங்கிடுச்சு. நெடுங்கரிசலுக்கு விண்கூடு அனுப்பு."

"வணக்கம், நித்திலா" என்றது இதமான குரல். "பொன்னுக்கிளியின் காப்புவளை அமைதியாக உள்ளது. பேறு தொடங்கவில்லை. மனிதர் வாய்மொழியை ஏற்க எனக்கு அனுமதி இல்லை. கவலை வேண்டாம்."

அதுதான் சட்டம். ஆரம்ப காலத்தில் போன் போட்டாலும் விண்கூடு வந்தது. பெரிய இடத்து மருமகளுக்கு லேசாக இடுப்பு வலித்தாலும் மொட்டைமாடியில் ஒன்று வந்து காத்துக் கிடக்கும். அதே நேரத்தில் ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் ஒருத்தி காத்துக் கிடப்பாள். அந்த அநியாயம் பொறுக்காமல்தான் எந்த மனித வாயும் விண்கூட்டை அழைக்க முடியாது, வளை மட்டுமே அழைக்கும் என்று விதி செய்தார்கள். பொய்யாக வளையைப் பேசவைத்தால் அது பொய்ப்பேறு, வேலையும் போகும், சிறையும் உண்டு. அந்த விதிக்காக வாதாடியவர்களில் நித்திலாவும் ஒருத்தி. சிற்றூர்ப் பிரசவ ஆஸ்பத்திரிகளை எல்லாம் விண்கூடு வந்தபின் மூடிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி மதுரையில்தான். அங்கே போய்ச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகிவிடலாம்.

"கிளம்புங்க அக்கா, வளையோட அங்க போயி அவங்க கைக்கு மாத்திடுவோம்!"

வண்டி கரிசல் சாலையில் பறந்தது. பாதி வழியில் நித்திலாவின் மூளைக்குள் பொறி தட்டியது. போய்ச் சேர்ந்து வளையை மாற்றி, அது வலியை உணர்ந்து, அதன் பிறகு விண்கூடு கிளம்பினால் இன்னும் கால் மணி நேரம் வீணாகும். அதற்குப் பதில் இப்போதே அதைக் கிளப்பிவிட்டால்? விண்கூடு வளையைத்தானே தேடி வரும். வளை எங்கே போகிறதோ அங்கே அதுவும் வரும்.

"அக்கா, உங்களுக்குப் பிரசவ வலி வரணும்!"

"என்னது?"

"வளை உங்க நாடியைத்தான் கேக்குது. வலி வந்தா நாடி எப்படி ஏறும், எப்படி நிக்கும், எப்படி இறங்கும்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வெறுமனே ஓடினா ஓடுறாங்கன்னு விட்டுடும். அலை மாதிரி ஏறி இறங்கணும், மூச்சும் அதே மாதிரி வாங்கணும்."

செவ்வந்திக்கு விஷயம் பிடிபட ஒரு நொடி போதுமாக இருந்தது. "ரெண்டு பெத்தவ நான். டவுன் ஆஸ்பத்திரி இருந்த காலத்துல ரெண்டும் அங்கனதான் பொறந்துச்சு, வார்டே அதிரக் கத்துனவ. எனக்கா சொல்லித் தரணும்?"

ஆற்றங்கரையில் வண்டி நின்றுவிட்டது. தண்ணீர் இல்லாத ஆறு, அக்கரைவரை கொதிக்கும் மணல். அதில் சக்கரம் ஓடாது. அக்கரையில் நெடுங்கரிசலின் வேப்பமரங்கள் தெரிந்தன. இருவரும் மணலில் இறங்கினார்கள்.

"ஓடுங்க! வேகமா, இன்னும் வேகமா... பல்லைக் கடிச்சு மூச்சைப் பிடிங்க... இப்ப மெதுவா, மெதுவா நடங்க, மூச்சை விடுங்க... திரும்ப ஓடுங்க!" நித்திலா கைத்திரையைப் பார்த்தபடியே பின்னால் ஓடினாள். செவ்வந்தி ஓடினாள், அலறினாள், நடந்தாள், மறுபடி ஓடினாள். "எம்மா... எம்மாடியோவ்!" என்று அவள் போட்ட சத்தத்தில், மணலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் துண்டை உதறிப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். பச்சைக் கோடு குன்று குன்றாக எழுந்தது. ஒரு குன்று சரியாக வந்தது, அடுத்தது சரிந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிக்கணும் அக்கா! இன்னும் ஒரே ஒரு தடவை!"

காப்புவளை சிவப்பாக ஒளிர்ந்தது.

"பொன்னுக்கிளி, உங்கள் பேறு தொடங்கிவிட்டது" என்றது வளை. "பயப்படாதீர்கள். நான் வந்துகொண்டிருக்கிறேன்."

இருவரும் நடு ஆற்றில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். அதில் பாதி அழுகை. உடனே நித்திலா உதறிக்கொண்டாள். "நிக்கக் கூடாது! நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்கதான் அது இறங்கும். நட்ட நடு ஆத்துல இறங்கிடப் போகுது, ஓடுங்க!"

அவர்கள் அக்கரை ஏறுவதற்குள் வெள்ளை நிழல் தலைக்கு மேல் வந்துவிட்டது. நெடுங்கரிசல்காரர்கள் அன்றைக்குப் பார்த்த காட்சியை அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் சொல்லிச் சிரிப்பார்கள். நிறைமாத வலியில் இருப்பதாக ஆகாயம் நம்பிய ஒருத்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் தலைதெறிக்க ஓடினாள். அவளைத் துரத்திக்கொண்டு கூரை உயரத்தில் விண்கூடு வந்தது. "தாயே, தயவுசெய்து ஓடாதீர்கள். தாயே, படுத்துக்கொள்ளுங்கள். இது குழந்தைக்கு நல்லதல்ல" என்று அது கெஞ்சிக்கொண்டே வந்தது. நாய்கள் குரைத்தன, கோழிகள் கூரையேறின. "எந்த வீடு? எந்த வீடு?" என்று நித்திலா கத்த, "அந்தா, நீலக்கதவு!" என்று கைகாட்டிக்கொண்டே செவ்வந்தி உள்ளே பாய்ந்தாள்.

உள்ளே பொன்னுக்கிளி பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வறண்டு, கண் செருகி, அம்மாவின் மடியில் தலை. சின்னப் பெண், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. செவ்வந்தியைப் பார்த்ததும் அவள் கண்ணில் நீர் வழிந்தது. "மதினி... முடியல மதினி."

"நான் வந்துட்டேன்ல, கையைக் குடு. அத்தை, வெளக்கெண்ணெய் எங்க?" அழகம்மாள் மாடத்திலிருந்து கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். செவ்வந்தி தன் கையில் எண்ணெயை வழிய ஊற்றி, பொன்னுக்கிளியின் விரல்களோடு தன் விரல்களைக் கூட்டிப் பிடித்தாள். வாசலில் இறங்கிய விண்கூடு, தாய் படுக்கட்டும் என்று கதவைத் திறக்காமல் நின்றது. வளை மணிக்கட்டில் நெகிழ்ந்தது, கட்டைவிரல் மூட்டில் ஒரு கணம் தடுத்தது, பிறகு இரண்டு உள்ளங்கைகள் வழியாக வழுக்கி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. நித்திலா கைத்திரையைப் பார்த்தாள். கோடு ஒரு துள்ளு துள்ளித் தடுமாறியது. வான்தாய் எதுவும் பேசவில்லை. குதிரை மாதிரி ஓடிய நாடி போய், சோர்ந்து ஒடுங்கிய ஒரு நாடி திரையில் வந்தது. அடுத்த வலி அலை எழுந்தது. இந்தக் குன்றை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"தாயின் நிலை கவலைக்கிடம்" என்றது வளை, முதல்முறையாக உண்மையைச் சொல்லி. கதவு திறந்தது. மருத்துவக் கைகள் நீண்டு பொன்னுக்கிளியைப் பூப்போல அள்ளி உள்ளே எடுத்துக்கொண்டன.

வாசலில் ஊரே கூடி நின்றது. பொண்ணா பையனா என்று ஒருவரும் கத்தவில்லை. உள்ளே நடப்பதை விண்கூடே சொல்லிக்கொண்டு வந்தது: கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது, விடுவிக்கிறேன். தலை வந்துவிட்டது. குழந்தை பிறந்துவிட்டது, மூச்சு இல்லை. மூச்சு கொடுக்கிறேன். அதன் பிறகு அது பேசுவதை நிறுத்திக்கொண்டது. அழகம்மாள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். செவ்வந்தி எண்ணெய் வழியும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றாள்.

பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு பெரிதாக, கோபமாக, தெருமுழுக்கக் கேட்கும்படி ஓர் அழுகை. "பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்" என்று விண்கூடு சொன்னதை யாரும் காதில் வாங்கவே இல்லை. குலவைச் சத்தத்தில் அது அமுங்கிப் போயிற்று. நித்திலாவும் குலவை போட்டாள், அவளுக்குச் சரியாக வரவில்லை, யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வாரிய இயக்குநர் அருளப்பன் அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் கூப்பிட்டார். "நித்திலா, என்னம்மா நடக்குது அங்க? ஒரு கர்ப்பிணி ஆத்து மணல்ல ஓடினதா வான்தாய் புகார் பண்ணுது! ரத்தம் எடுத்தியா? மரபணு கிடைச்சுதா?"

"மரபணு இல்ல சார். நாத்தனார்!"

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.  "என் பொண்டாட்டியும் அந்தப் பக்கத்துக்காரிதான்" என்றார் அருளப்பன். "ஒரு தடவை வீட்டுல கேட்டிருந்தா போதுமே. சரி, பொய்ப்பேறு பத்தி நான் பாத்துக்கறேன். நீ முதல்ல தண்ணி குடி."

நித்திலா போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது செவ்வந்தி வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். விண்கூட்டுக்குள்ளிருந்து பொன்னுக்கிளி, "மதினிதான் முதல்ல தூக்கணும், மதினி எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது. அவள் அசையவில்லை.

"மேடம், ஒன்னு கேக்கட்டுமா?" என்றாள். "பெரிய மதினிக்கு அன்னைக்கும் இதே மாதிரி மத்தியானந்தான். நான் அப்ப என்ன செஞ்சிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? கஞ்சியக் குடிச்சிட்டு, காத்தாடிக்கு அடியில நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தேன். அந்த வளை மேல வான்தாய்கிட்ட என்னன்னு சொல்லியிருக்கும்?"

ஆறுதலாகப் பொய் சொல்ல நித்திலாவுக்கு வாய் எழவில்லை. "நல்லா இருக்காங்கன்னு சொல்லியிருக்கும்" என்றாள். "நீங்க நல்லா இருந்தீங்க அக்கா, அது சொன்னது நிஜம். யாரோட கைன்னு ஏழு வருசமா ஒருத்தர்கூட இறங்கி வந்து கேக்கல. அது எங்க தப்பு, உங்க கையோட தப்பு இல்ல."

செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நித்திலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது செவ்வந்தியின் பார்வை நித்திலாவின் கைத்திரையில் விழுந்தது. கரிசல் மாவட்டத்தின் வரைபடம் அதில் திறந்து கிடந்தது. அதன்மேல் மிளகாய் விதை தெளித்தது போல நிறையப் புள்ளிகள்.

"இது என்ன மேடம்?"

"இந்த மாவட்டத்துல தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கிறவங்க. ஒரு புள்ளி ஒரு வளை. பச்சையா இருந்தா எல்லாம் அமைதியா இருக்குன்னு அர்த்தம்."

எல்லாப் புள்ளிகளும் பச்சையாக இருந்தன. ஒன்றுகூடச் சிவப்பில்லை. காலையில் அந்தப் பச்சையை நித்திலா ஒரு புதிராகத்தான் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து, தெருவே கண்ணயரும் மத்தியான வேளை அது.

"இதுல எத்தன நாத்தனா இப்பத் தூங்கிக்கிட்டு இருக்கா?" என்றாள் செவ்வந்தி.

 நித்திலா அருளப்பனை மறுபடி கூப்பிட்டாள். "சார், வாரியத்துல இருக்கிற அத்தனை பேரையும் போனை எடுக்கச் சொல்லுங்க. கரிசல் மாவட்டத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே கேள்வி, வளை இப்ப யார் கையில? எடுக்காத வீட்டுக்கு ஆள் போகணும். பக்கத்துல இருக்கிற புள்ளிக்கு நான் போறேன்."

"நாங்க போறோம்" என்று திருத்தினாள் செவ்வந்தி. அதற்கு முன் ஒரே ஒரு வேலை அவளுக்கு மிச்சமிருந்தது. விண்கூட்டின் வாசலுக்குப் போய், எண்ணெய்க் கையை மடியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்கி நெஞ்சோடு ஒருமுறை அணைத்துக் கொடுத்தாள். பிறகு இருவரும் ஆற்றில் இறங்கி, அக்கரையில் நின்ற வண்டியை நோக்கி ஓடினார்கள். இந்த முறை செவ்வந்தி நடுவில் எங்கும் நிற்கவில்லை.